ஊரில் தங்காத முகாமுக்கு எதற்குச் சான்றிதழ்? எங்கள் கல்லூரிக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், செயலர் அவர்களுக்கும், முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

இந்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) சிறப்பு முகாம் கிராமத்தில் நடக்காது, கல்லூரி வளாகத்திலேயே காலை 9.30 முதல் மாலை 4.30 வரை ஏழு நாள் பகல் முகாமாக நடக்கும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை என் மகள் கைப்பேசியில் காட்டினாள். மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். மாணவியரின் பாதுகாப்பு, வகுப்பு நாட்கள் வீணாவது, பெற்றோர் விரும்பாதது. நான் நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அணியின் பழைய மாணவி. இப்போது அதே அணியில் இருக்கும் ஒரு மாணவியின் தாய். உங்கள் மூன்று காரணங்களில் இரண்டை என் போன்றவர்களின் பெயரைச் சொல்லித்தான் எழுதியிருக்கிறீர்கள். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நவம்பர் மாதமே உங்கள் மூவருக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் எழுதினேன். ஒப்புகை அட்டை மூன்றும் வந்து சேர்ந்தன, பதில் வரவில்லை. முகாமுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. அதனால் இந்த முறை நம் கல்லூரியில் படித்த எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முகாம் என்றால் என்ன என்பதை முதலில் பேசிவிடலாம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. தொடங்கிவைத்த மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். அதற்கு இருபது ஆண்டு முன்பே ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தாமாக முன்வந்து நாட்டுப்பணி செய்ய வழி வேண்டும் என்று சொல்லியிருந்தது. 1964-66இல் கோத்தாரி குழுவும் அதையே வற்புறுத்தியது. அவர்கள் எல்லோருக்கும் இருந்த கவலை, காலேஜ் வாசலை மிதித்த பிள்ளைக்கும் ஊருக்கும் நடுவே சுவர் எழும்பிவிடக் கூடாது என்பதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்தக் கவலையில் பிறந்த விதிதான் இது: ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி. அதோடு, கல்லூரி தத்தெடுத்த கிராமத்தில், விடுமுறையில், ஏழு நாள் சிறப்பு முகாம். இரண்டையும் முடித்தவருக்குத்தான் சான்றிதழ்.

120 மணி நேரத்தைக் கல்லூரி வளாகத்திலேயே நிரப்பிவிடலாம். செடி நடலாம், பேரணி போகலாம், ரத்ததான முகாமில் பிஸ்கட் கொடுக்கலாம். முகாமை அப்படி நிரப்ப முடியாது. முகாமின் உயிர் அதன் இரவுகளில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஊர் நம்மோடு பேச ஆரம்பிக்கும். ஆறு மணிக்கு முன்பு ஊரில் யார் இருக்கிறார்கள்? வயலுக்கும் வேலைக்கும் போனவர்கள் வீடு திரும்பிய பிறகுதான் திண்ணை நிறையும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். 1996 பிப்ரவரி, நான் முதலாண்டு வேதியியல். அப்போது முகாம் பத்து நாள், ஏழாகக் குறைத்தது பிறகு. ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளில் பெண்கள், எதிர்ப்பக்கக் கொட்டகையில் பையன்கள். கடைமடை வாய்க்காலில் இறங்கி ஆகாயத்தாமரையும் வண்டலும் அள்ளினோம். முதல் இரண்டு நாள் ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் இரவு எங்கள் அணியில் சீட்டுக் குலுக்குவது வழக்கம். ஒரு பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு போட முன்வரும் வீடுகளின் பெயர்களை எழுதி ஒரு டப்பாவில் போடுவார்கள். ஊர்த்தெரு, காலனித் தெரு, எல்லாம் ஒரே டப்பாவில். அன்று மாலை ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "பிள்ளைகளுக்கு எங்க தெருவுலயே போதுமான வீடு இருக்கு சார், ரெண்டையும் கலக்க வேணாம்" என்றார். எங்கள் என்.எஸ்.எஸ். சார் குரலை உயர்த்தவே இல்லை. "அப்படின்னா இன்னிக்கி எல்லாரும் முகாம்லயே சாப்பிட்டுக்கிறோம்யா" என்று மட்டும் சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் "சரி, உங்க இஷ்டம்" என்று போய்விட்டார்.

எனக்குக் காலனித் தெருவில் ஒரு வீடு வந்தது. என் சொந்த ஊரிலும் அப்படி ஒரு தெரு உண்டு, எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பதினெட்டு வயதுவரை நான் அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. அன்று அந்த வீட்டு ஆயா எனக்காகக் கடையில் ஒரு வாழை இலை வாங்கி வைத்திருந்தார். வீட்டில் மற்ற எல்லோருக்கும் தட்டு, எனக்கு மட்டும் இலை. தங்கள் தட்டில் நான் சாப்பிட மாட்டேன் என்று அவர்களே எண்ணிக்கொண்டு, அதை நான் வாய்விட்டுச் சொல்லும் சங்கடம் எனக்கு வரக் கூடாது என்று காசு கொடுத்து வாங்கிய இலை. எனக்கு அது புரியவே ஒரு நிமிடம் ஆனது. "எனக்கும் தட்டுலயே போடுங்க ஆயா" என்றேன். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக் கழுவினார், முந்தானையால் துடைத்தார், மறுபடியும் கழுவினார். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. இலை சுருட்டியபடியே மூலையில் கிடந்தது.

இன்று நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். வகுப்பில் எந்தப் பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பது என் கண்ணுக்குத் தெரிகிறது, எந்தப் பிள்ளை யார் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறது என்பதும் தெரிகிறது. இதை எனக்குப் பாடப்புத்தகம் கற்றுக்கொடுக்கவில்லை, பி.எட். படிப்பும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த இலைதான் கற்றுக்கொடுத்தது. முதல்வர் அவர்களே, கல்லூரிக் கலையரங்கத்தில் மாலை 4.30 மணிக்கு முடிகிற முகாமில் இதை எந்த வல்லுநரை அழைத்து நடத்துவீர்கள்?

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு என்கிறீர்கள். நியாயமான கவலைதான், ஒரு பெண்ணைப் பெற்றவள் அதை லேசாகப் பேச மாட்டேன். என் அப்பா ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். முகாமுக்கு என்னை அனுப்ப அவருக்கு மனமே இல்லை. இரண்டாம் நாள் இரவு பதினெட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்து, எனக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் படுத்துக்கொண்டார். விடியற்காலை அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் எங்கள் அறை வாசல் திண்ணையில் காவலுக்குப் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். அவர்களிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, 'நம்மூர் தேடி வந்த புள்ளைங்க' என்று அவர்களாகவே வந்து படுத்தவர்கள். அப்பா டீ குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது என் கல்யாணத்துக்கு முதல்நாள். அடுத்த ஆண்டு முகாமுக்கு அவரே என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தார்.

பாதுகாப்புக்குப் பயந்து பெண்களை நிறுத்துவது எளிது. ஏற்பாடு செய்வதுதான் சிரமம். பெண் பேராசிரியர் இருவர் உடன் தங்குவது, கழிப்பறை, வெளிச்சம், கிராம சுகாதாரச் செவிலியருக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே தகவல், எல்லாம் செய்யக்கூடியவைதான். இதில் எது உங்களால் முடியவில்லை என்று சுற்றறிக்கையில் ஒரு வரியும் இல்லை. பெற்றோர் விரும்புவதில்லை என்கிறீர்களே, எத்தனை பெற்றோரிடம் கேட்டீர்கள்? என் மகளின் வகுப்பில் இந்த அணியில் ஒன்பது பேர். நான் ஒன்பது வீட்டுக்கும் போன் செய்தேன். கல்லூரியிலிருந்து ஒருவர்கூடத் தங்களிடம் பேசவில்லை என்று ஒன்பது பேரும் சொன்னார்கள். இரண்டு பேருக்குத் தயக்கம் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த இரண்டு பேரும் கேட்ட கேள்வி ஒன்றே: "கூட யார் தங்குவாங்க?" அதற்குப் பதில் சொன்னால் போதும், முகாமையே நிறுத்த வேண்டியதில்லை.

வகுப்பு நாட்கள் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. விடுமுறையில் நடத்து என்றுதான் திட்டமே சொல்கிறது. எங்கள் காலத்தில் பொங்கல் கழிந்த வாரங்களில் சனி ஞாயிறைச் சேர்த்து நடத்தினார்கள். அதோடு, பகல் முகாமும் ஏழு நாளைத்தானே எடுத்துக்கொள்கிறது?

அணிக்கு என்று சில வழக்கங்கள் இருந்தன. அவை ஊரில் தங்குவதால் மட்டுமே பிறந்தவை. முதல் நாள் இரவு சீனியர்கள் பரிமாறுவார்கள், ஜூனியர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகே தாங்கள் உட்காருவார்கள். ஜூனியருக்குப் பாய் விரித்துக் கொடுப்பது சீனியர் வேலை. நான் இரண்டாம் ஆண்டு படித்த 1996 நவம்பரில்தான் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங் கொடுமையில் கொல்லப்பட்ட செய்தி வந்தது. தமிழ்நாடே பதறியது. மறு ஆண்டு ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்தச் செய்தி வந்த மூன்றாம் மாதம் முகாம். முதலாண்டுப் பிள்ளைகள் எங்களைப் பார்த்தாலே ஒதுங்கினார்கள். முதல் நாள் இரவு நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போகிறேன், ஒரு பையன் நான் குனிந்ததும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். "உட்காருப்பா, இன்னிக்கி நாங்கதான் பரிமாறணும்" என்றதும் அவன் கண் கலங்கிவிட்டது. அன்றிரவு பன்னிரண்டு மணிவரை அவன் பேசிக்கொண்டே இருந்தான். மூன்று மாதமாக ஹாஸ்டலில் அவன் யாரிடமும் பேசியிருக்கவில்லை என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது எல்லாக் கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு இருக்கிறது, பலகை இருக்கிறது, உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. எல்லாம் வேண்டியவைதான். அந்த வாளி செய்ததை அந்தப் பலகையால் செய்ய முடியுமா?

இன்னொரு வழக்கம் அஞ்சாம் நாள் சாப்பாடு. முகாமின் ஐந்தாம் நாள் இரவு, பழைய மாணவர்கள் அரிசி, காய்கறி, விறகோடு வந்து சமைத்துப் போடுவார்கள். முகாமுக்கு அரசு தரும் பணம் பல ஆண்டுகளாக ஒரு மாணவருக்கு 450 ரூபாய்தான் இருந்தது. ஏழு நாளுக்கு மொத்தமாக. ஐம்பது பேருக்கு 22,500 ரூபாய். நாள் ஒன்றுக்குத் தலைக்கு 65 ரூபாய்கூட வராது, அதில்தான் சாப்பாடு, பந்தல், வண்டி எல்லாம். ஐந்தாம் நாள் கையிருப்பு கரைந்துபோகும் என்பது தெரிந்த பழைய மாணவர்கள் தொடங்கியது இது. சமையல் முடிந்ததும் அவர்கள் பிள்ளைகளோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பேசுவார்கள். மின்வாரியத்தில் வேலை செய்பவர், நெல் வியாபாரி, செவிலியர், ஒருமுறை துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். எனக்கு அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு பற்றி முதன்முதலில் சொன்னவர் அப்படி வந்த ஓர் அக்காதான். எந்த வேலைவாய்ப்பு முகாமும் இல்லாத காலம் அது.

ரத்தக் குறிப்பேடு பற்றியும் சொல்ல வேண்டும். நீளவாக்கில் திறக்கும் ஒரு கணக்கு நோட்டு, ரத்த வகைப்படி பக்கம் பிரித்தது. ஒவ்வோர் அஞ்சாம் நாளும் பழைய மாணவர்கள் தங்கள் புது முகவரி, போன் நம்பரை அதில் திருத்திவிட்டுப் போவார்கள். அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு நடுராத்திரி ஓ நெகட்டிவ் வேண்டும் என்றால், வார்டு நர்ஸ் போன் செய்வது நம் கல்லூரி ஹாஸ்டலுக்குத்தான். அந்த நோட்டில் அடித்து அடித்து எழுதிய நம்பர்களைப் பார்த்தாலே ஓர் ஆளின் வாழ்க்கை தெரியும். திருச்சி, ஓசூர், திருப்பூர், பிறகு மறுபடியும் சொந்த ஊர்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த அன்று அந்த நோட்டுதான் எங்களைக் கூட்டியது. தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். மறுநாள் காலை நாகப்பட்டினம் பஸ் நிலையத்தில் நாற்பது பேருக்கு மேல் நின்றோம். பாதிப் பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது, பத்து வருடம் மூத்தவர்களும் இருந்தார்கள், அன்றைய மாணவர்களும் இருந்தார்கள். எந்த வருஷம், எந்த ஊர் முகாம் என்று கேட்டுக்கொண்டதும் வேலையைப் பிரித்துக்கொண்டோம். கல்யாண மண்டபத்தில் தங்கவைத்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அந்தப் பத்து நாளைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

கஜா புயலைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் இதில்தான் உங்களுக்கான நேரடிச் சான்று இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை புயல் கரை கடந்தது. தென்னை எல்லாம் சாய்ந்து ரோடு அடைத்துக்கொண்டது, மின்சாரம் வாரக்கணக்கில் இல்லை. நிவாரண வண்டிகள் தார் ரோட்டோரம் நின்றன, கைநீட்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பின. நம் அணி மாணவர்கள் பதினாறு பேர் மூன்றாம் நாள் தத்துக் கிராமத்துக்குள் நடந்தே போனார்கள். அந்த ஊரில் பிப்ரவரியில் ஏழு இரவு தூங்கி எழுந்தவர்கள் அவர்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் கண் தெரியாத ஒரு தாத்தா தனியாக இருப்பது அவர்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும், எந்தக் குடும்பம் பசித்தாலும் ரோட்டுக்கு வந்து கைநீட்டாது என்பதெல்லாம் தெரியும். தாத்தாவின் கூரை சரிந்து, வாசல் தென்னை மட்டையால் அடைபட்டு, உள்ளே இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லாமல் கிடந்திருக்கிறார். ஒரு மாணவி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், "வந்துட்டியா பாப்பா" என்று குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார். அவளை அவர் அறிந்ததெல்லாம் முகாமில் சாயங்காலங்களில் அவருக்குப் பேப்பர் படித்துக்காட்டிய குரலாகத்தான்.

அடுத்த புயல் வராமல் இருக்காது. அன்று உங்கள் பகல் முகாம் மாணவர்கள் எந்த வீட்டைத் தேடிப் போவார்கள்?

இனி, சுற்றறிக்கையைவிட எனக்கு அதிகம் வலித்த விஷயத்துக்கு வருகிறேன். நம் அணியின் பணி அறையை நீங்கள் கல்லூரியின் தர மதிப்பீட்டுக் கோப்புகள் வைக்க எடுத்துக்கொண்டீர்கள். இடப் பற்றாக்குறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அறையிலிருந்த தகரப் பெட்டியில் ஐம்பது ஆண்டு முகாம் பதிவேடுகள் இருந்தன. அவை நூலகத்துக்குப் பின்னால் பழைய பேப்பர்காரருக்காகக் கட்டிப் போடப்பட்டிருந்ததை என் மகள் பார்த்தாள். அவள் எனக்குப் போன் செய்து, நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வருவதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. ரத்தக் குறிப்பேடும் அதில் போய்விட்டது. அவள் தன் பையில் எடுத்துவைத்த மூன்று பதிவேடுகள்தான் மிச்சம்.

அதில் ஒன்று 1978 ஜனவரி முகாம். முந்தைய நவம்பர் நாகப்பட்டினம் புயலுக்குப் பிறகு நடந்தது. ஊதா மையில், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. "இன்று பள்ளிக்கூடச் சுவர் பதினோரு முழம் எழுப்பினோம். சித்தாள் வேலைக்கு வந்த ஊர்ப் பெண்கள் கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். அரிசி ஐந்து படி மிச்சம். மூத்தவர்கள் பரிமாறி இளையவர்கள் உண்டனர், வழக்கம்போல்." வழக்கம்போல் என்று 1978லேயே எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் எப்போது யார் தொடங்கிய வழக்கம் அது? போன பதிவேடுகளில் இருந்திருக்கும். எடைக்குப் போட்டுவிட்டோம். பக்கத்தின் அடியில் முப்பத்தெட்டுக் கையெழுத்து, அதில் மூன்று கைநாட்டு. கைநாட்டு வைத்தவர்கள் அந்த ஊர்க்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். தங்களையும் அணியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், சேர்த்திருக்கிறார்கள்.

முன்னாள் மாணவர் சங்கப் பொறுப்பாளர்களே, உங்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. நுழைவு வளைவுக்கும் வெள்ளிவிழா விருந்துக்கும் நிதி திரட்டினீர்கள், நானும் கொடுத்தேன். ஆறு ஆண்டாக அஞ்சாம் நாள் சாப்பாட்டுக்குச் சங்கத்திலிருந்து ஒரு மூட்டை அரிசி போகவில்லை. எங்களில் சிலர் கைக்காசு போட்டுச் செய்துவந்தோம். நிர்வாகம் இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் இருந்திருக்கிறார், மறுப்பு எதுவும் பதிவாகவில்லை. கல்லூரிக்கு நாம் வெறும் நன்கொடையாளர்கள் மட்டும்தான் என்று நிர்வாகம் நினைத்தால் அதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

கடைசியாக ஒரு சங்கடமான கேள்வி. பகல் முகாம் முடிந்ததும் ஐம்பது பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வழங்குவீர்கள். தத்தெடுத்த கிராமத்தில் சிறப்பு முகாமில் பங்கேற்றார் என்ற பொருளில் அது அமையும். அதன் கீழே திட்ட அலுவலரும் முதல்வரும் கையொப்பமிடுவீர்கள். கிராமத்துக்கே போகாத பிள்ளை அதை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணைக்கும். பொய்யை எழுதித்தரும் முதல் இடம் தன் கல்லூரியாக இருப்பதை என் மகள் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அவள் அந்தச் சான்றிதழை வாங்க மாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். அது அவள் முடிவு, நான் தூண்டவில்லை, தடுக்கவும் மாட்டேன்.

நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். இந்த ஆண்டு முகாமைத் தத்துக் கிராமத்தில், ஏழு நாள், இரவு தங்கும் முகாமாக அறிவியுங்கள். முகாமுக்கு முன்பு அணியிலுள்ள மாணவ மாணவியரின் பெற்றோர் எல்லோரையும் ஒரு சனிக்கிழமை அழைத்து, யார் உடன் தங்குவார்கள், கழிப்பறை எங்கே, அவசரம் என்றால் யாருக்குப் போன் செய்வது என்று நேரில் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அனுப்ப மனமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பெண் பேராசிரியர் இருவருக்கு அந்த ஏழு நாளும் பணி நாட்களாகக் கணக்கிட்டு எழுத்துப்பூர்வமாக ஆணை கொடுங்கள், சொந்த விடுப்பில் வரச் சொல்லாதீர்கள். அவர்களோடு ஒவ்வோர் இரவும் பழைய மாணவிகள் இருவர் தங்குவதற்கு நாங்கள் பதினான்கு பேர் பட்டியல் போட்டுவிட்டோம். பெயர், போன் நம்பர், பணிபுரியும் இடம் எல்லாம் நவம்பரில் அனுப்பிய கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். முதல் இரவும் கடைசி இரவும் என் பெயரில் இருக்கின்றன.

பதிவேடுகள் எந்தக் கடைக்குப் போயின என்று பதினைந்து நாளுக்குள் விசாரித்துச் சொல்லுங்கள். கிடைப்பதை நாங்கள் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். இனி வரும் பதிவேடுகளுக்கு நூலகத்தில் பூட்டுள்ள ஓர் அலமாரி ஒதுக்குங்கள். என்னிடம் இருக்கும் மூன்றையும் அலமாரி வந்த அன்று கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிறேன். சங்கம் தன் ஆண்டுக் கணக்கில் அஞ்சாம் நாள் சாப்பாட்டுக்கு என்று ஒரு தலைப்பு திறக்க வேண்டும், ரத்தக் குறிப்பேட்டைப் புதிதாக எழுதும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

ஜனவரி முதல் வாரத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு ஏற்பாடு ஆகிவிட்டது. பாத்திரம் வாடகைக்குச் சொல்லிவைக்க எங்களுக்குத் தேதி மட்டும் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
1995-98 வேதியியல் மாணவி,
நாட்டு நலப்பணித் திட்டத்தின் பழைய தொண்டர்,
இந்நாள் மாணவி ஒருவரின் தாய்